ஈயார் கை பார்க்கிறார்

அந்த ஊரில் ஈ அடிப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

வியாபாரம் படுத்த கடைக்காரனை ‘ஈ ஓட்டுகிறான்’ என்று கேலி செய்வோமே, அந்தப் பேச்சைக்கூட யாரும் வாயில் எடுப்பதில்லை. ஓட்டுவதே பாவம் என்றான பிறகு கேலி எங்கிருந்து வரும்? முடிதிருத்துகிறவர், வாடிக்கையாளரின் மூக்கில் உட்கார்ந்த ஈ தானாக மனம் வைத்து எழுந்து போகும்வரை கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மிட்டாய்க் கடைக்காரர் கண்ணாடிக் கதவைக் கழற்றிப் பரணில் போட்டார். விருந்தாளியை வாசலில் நிறுத்தலாமா? ஈ மட்டை விற்றுப் பிழைத்தவர், அதே மட்டையை விசிறி என்று விற்றார். பழக்கதோஷத்தில் யாராவது தன் கழுத்தில் பட்டென்று ஓர் அடி போட்டுவிட்டால், கொலை நடந்த இடத்தைப் பார்ப்பதுபோலச் சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள்.

எல்லாம் ஈயாரின் மகிமை.

ஈயார் ஓர் ஈ. ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் குடியிருந்தார். குப்பியின் வாயில் மெல்லிய வலை கட்டியிருந்தது. சாப்பிடுவதில்லை, பறப்பதில்லை. பெரும்பாலும் அசைவதே இல்லை. அதைப் பார்த்துச் சந்தேகப்படவேண்டிய ஊர், “ஈயார் யோசிக்கிறார்” என்று வாயைப் பொத்திக்கொண்டது.

யோசிக்க விஷயம் இருக்கத்தான் செய்தது. ஆற்றோரப் புதரிலிருந்து கடிக்கிற ஈ ஒன்று வரும். கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத புழுவை ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகும். மாடாக இருந்தால் மயிர் சிலிர்த்து, கண்ணில் நீர் வழிந்து, தீனி தின்றுகொண்டே எலும்பும் தோலுமாகும். மனிதராக இருந்தால் காய்ச்சல் வரும், போகும். கழுத்தின் பின்புறம் முடிச்சு முடிச்சாக வீங்கும். பிறகு ஒருநாள் புழு மூளைக்குள் நுழையும். அப்போது பகலில் தூக்கம் வரும். உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் தூக்கம், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் தூக்கம். அந்தத் தூக்கத்துக்கு வைத்தியம் பார்க்காவிட்டால் எழுப்ப முடியாத இடத்துக்குப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. முன்னறை மனிதர்களுக்கு, பின்முற்றம் மாடுகளுக்கு. இரண்டுக்கும் ஒரே டாக்டரம்மா, ஒரே நுண்ணோக்கி. விரல் நுனியில் குத்துவார். கழுத்து முடிச்சில் குத்துவார். புழு இருப்பது உறுதியானால், அது மூளைவரை போய்விட்டதா என்று பார்க்க முதுகெலும்பின் நடுவில் குத்துவார். ஊர் அவருக்கு ஊசியம்மா என்று பெயர் வைத்தது. நோய்க்கு ஊர் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஊசிக்குத்தான் பயந்தது.

அந்தப் பயத்தின் மேல் பாய் விரித்து உட்கார்ந்தவர் குப்பி ஐயா.

“நோயைக் கொண்டுவந்து போடுறது யாரு? ஈ. போட்டவருக்குத் தெரியாதா, எந்த உடம்புல போட்டோம்னு? இதுக்கு எதுக்கு ஊசி?” என்று அவர் கேட்டார்.

திருட்டுப் போன வீட்டுக்குத் திருடனையே அழைத்துவந்து விசாரணை அதிகாரியாக உட்கார வைப்பது எவ்வளவு பொருத்தமோ அவ்வளவு பொருத்தமான யோசனை. ஊருக்கு உடனே பிடித்துப் போயிற்று.

முறை எளிது. வந்தவர் குப்பியை ஒட்டிக் கையை வைக்கவேண்டும். அந்தக் கையின் மேலோ, குப்பியின் மறுபக்கமோ குப்பி ஐயா தன் மோதிரக் கையை அன்பாக வைப்பார். ஈயார் குப்பிக்குள் நகர்ந்து கையின் பக்கம் வந்தால் புழு இருக்கிறது. விலகிப் போனால் சுத்தம். மாடு என்றால் குப்பியை மாட்டின் காதோரம் பிடிப்பார். சுத்தமானவர்களின் முன்கையில் ஈ படம் போட்ட நீல முத்திரை குத்தப்படும். மாதா மாதம் வந்து புதுப்பித்துக்கொள்ளவேண்டும், காணிக்கையோடு.

கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். கொழுத்த மாடு வைத்திருப்பவனின் மாட்டுக்கு எப்போதும் புழு. மாடு இல்லாதவனின் உடம்பு எப்போதும் சுத்தம். ஈயார் சொத்து பார்த்துத்தான் கை பார்த்தார். புழு என்று தீர்ப்பான மாட்டை, பாவம், போனால் போகிறது என்று அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு தரகர் வாசலிலேயே கயிற்றோடு நின்றார். குப்பி ஐயாவின் மனைவிக்குத் தம்பி. அந்த மாடுகள் மறுநாள் பக்கத்து ஊர்ச் சந்தையில் பூரண ஆரோக்கியத்துடன் நல்ல விலைக்குப் போயின.

ஊசியம்மா ஆற்றோரத்தில் ஈயைப் பிடிக்க நீலத்துணிப் பொறிகள் கட்டிவைத்திருந்தார். அந்த ஈக்கு நீலம் என்றால் உயிர். ஈயாரின் சொந்தபந்தங்களைக் கொல்வதா என்று பக்தர்கள் அவற்றை அறுத்தெறிந்தார்கள். அறுத்த துணி வீணாகவேண்டாம் என்று குப்பி ஐயாவின் கூடத்தில் திரை தைத்துப் போட்டார்கள். அன்று முதல் கூடத்தில் நிஜ ஈக்களின் கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஊரில் தூங்குகிறவர்கள் அதிகமானார்கள். தூங்குகிறவர்கள் அதிகமாக, ஈயாரைப் பார்க்க வருகிறவர்களும் அதிகமானார்கள்.

இந்த ஊரில்தான் தவிட்டக்கா மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தாள். தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை. கடை அவள் கணவனுடையது. தராசில் தவிட்டைக் கொட்டிக்கொண்டே அவன் தூங்கிவிழ ஆரம்பித்தபோது, அவன் தங்கை அவனை ஈயாரிடம் அழைத்துப் போனாள். ஈயார் விலகிப் போனார். சுத்தம். இன்னொரு முறையும் போனார்கள். அப்போதும் சுத்தம். கடைசியாக அவனைக் கிடத்தியிருந்தபோது, முன்கையில் அந்த நீல ஈ அழியாமல் உட்கார்ந்திருந்தது. தவிட்டக்கா அதை ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். நல்ல மை.

இப்போது அந்தத் தங்கையின் முறை.

நாத்தனார் தீவனக் கடைக்கு எதிரிலேயே துணி தேய்க்கும் கடை வைத்திருந்தாள். அன்று காலை கருகல் வாசனை வந்து தவிட்டக்கா தெருவைத் தாண்டி ஓடினாள். மேசைமேல் ஒரு வெள்ளைச் சட்டை புகைந்துகொண்டிருந்தது. பெட்டியைப் பிடித்தபடி நின்றவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தாள் நாத்தனார்.

“ஏய்! கைய எடு, கைய எடு!”

நாத்தனார் திடுக்கிட்டு விழித்துச் சட்டையைப் பார்த்தாள். “அய்யோ. இது வக்கீல் சட்டை அண்ணி.”

“நேத்து வாத்தியார் சட்டை. அதுக்கு முன்னாடி கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச சட்டை. இந்தத் தெருவுல சட்டையில ஓட்டை இல்லாத ஆம்பளையே இல்ல. வா, ஊசியம்மாகிட்ட போலாம்.”

“முதுகுல குத்துவாங்க.”

“குத்தட்டும். கழுத்தத் தடவிப் பாரு, கோலிக்குண்டு மாதிரி இருக்கு.”

“அது தலகாணி சரியில்ல.” நாத்தனார் முன்கையை நீட்டினாள். நீல ஈ பளிச்சென்று இருந்தது. முத்திரை அழியக்கூடாது என்று அவள் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு குளிக்கிறவள். “ஈயார் சுத்தம்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா இன்னொரு தடவ போய்க் கேப்போம்.”

“உங்க அண்ணனுக்கும் சொன்னாரு.”

நாத்தனார் முகம் மாறியது. “அண்ணன் விதி அது. ஈயார் மேல பழி போடாதீங்க,” என்று கத்தினாள். கத்திய வேகத்தில் மறுபடி கண் சொருகியது.

இழுத்தால் வரமாட்டாள், விட்டால் எரிந்துபோவாள். இன்னொரு தடவை ஈயாரிடம் போகலாம், அங்கிருந்து எப்படியாவது ஊசியம்மாவிடம் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று தவிட்டக்கா கணக்குப் போட்டாள். கடைக் கோலத்திலேயே, இடுப்பில் கட்டிய பையோடு புறப்பட்டாள்.

கூடத்தில் நெரிசல். நீலத் திரை, அதில் அப்பியிருந்த ஈக்கள், அவற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஜனம். முன்னால் பால்காரரின் சிவப்புப் பசுவின் காதருகே குப்பி. ஈயார் சட்டென்று மாட்டின் பக்கம் தாவினார்.

“புழு,” என்றார் குப்பி ஐயா, சொந்தக்காரர் செத்த குரலில்.

“ஐயா, நல்லாத்தானே தின்னுது? ரெண்டு வேளையும் குடம் நிறையக் கறக்குது,” என்றார் பால்காரர்.

“உள்ள இருக்கிற புழுவுக்கும் சேத்துத் தின்னுது.”

“கவலப்படாதீங்க அண்ணே,” என்று தரகர் பசுவின் கழுத்தில் கயிற்றைப் போட்டார். “நஷ்டம் எனக்கு. நான் பாத்துக்கறேன்.”

பால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். பசு ஒன்றும் புரியாமல் நன்றாக அசைபோட்டுக்கொண்டே போயிற்று.

நாத்தனார் உட்கார்ந்து குப்பியருகே கையை வைத்தாள். தவிட்டக்கா அவளை ஒட்டி நின்றாள். குப்பி ஐயா கண்ணை மூடி, மோதிரக் கையை மெல்லக் குப்பியின் மறுபக்கம் கொண்டுபோனார். ஈயார் விலகவேண்டிய நேரம்.

விலகவில்லை. குப்பிக்குள் ஒரு துள்ளல். டிக் என்ற சத்தத்துடன் ஈயார் தவிட்டக்காவின் இடுப்புப் பக்கத்துக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டார். தலைகீழாக.

கூட்டம் ஹோவென்றது. குப்பி ஐயா மோதிரக் கையை அப்படி ஆட்டினார், இப்படி ஆட்டினார். ஈயார் அசையவில்லை. ஐயாவின் முகத்தில் ஒரு நொடி, சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைப் பார்க்கிற தகப்பனின் திகைப்பு வந்து போனது. அதே நொடியில் திரையிலிருந்து ஒரு நிஜ ஈ எழுந்து அவர் கழுத்தில் கடித்தது. அவர் பட்டென்று ஓர் அடி போட்டு, பிணத்தைச் சுண்டிவிட்டார். ஈயாரின் சொந்தக்காரர் ஒருவர் அப்படிக் காலமானதைத் தவிட்டக்கா மட்டும் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு சுத்தம்,” என்று நாத்தனாரைக் காட்டிச் சமாளித்தார் ஐயா. “நோய் இந்த அம்மாவுக்குத்தான். ஈயார் ஆவேசமா காட்டறாரு பாருங்க. அடுத்த கூட்டத்துக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் பரிகாரம் பண்ணணும்.”

“பாத்தீங்களா அண்ணி? எனக்கு இல்ல. உங்களுக்குத்தான்!” நாத்தனார் பதறிப்போய் அழவும் செய்தாள். அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

அவளை வீட்டில் படுக்கவைத்துவிட்டுத் தவிட்டக்கா கடைக்கு வந்தாள். மூட்டை பிரிக்கவேண்டியிருந்தது. ஆலைத் தவிட்டில் ஆணி, கம்பித்துண்டு, தகரப் பொடி எல்லாம் கலந்து வரும். மாடு அதைத் தவிட்டோடு விழுங்கினால் வயிற்றைக் கிழித்துவிடும். அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பெரிய காந்தத்தை ஓட்டி எடுப்பது அந்தக் கடையின் வழக்கம். இடுப்புப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தவிட்டின்மேல் பிடித்தாள்.

உள்ளேயிருந்து ஓர் ஆணி துள்ளியது. டிக்.

தவிட்டக்கா அப்படியே நின்றாள். அந்தத் துள்ளலை அவள் சற்று முன்புதான் பார்த்திருந்தாள். ஆணியைப் பிடுங்கித் திரும்பப் போட்டாள். டிக். மறுபடி போட்டாள். டிக். ஆணிக்குச் சிறகு ஒட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு தவிட்டு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன் கணவனின் முன்கை ஞாபகம் வந்தது. அதன் பிறகு வந்தது சிரிப்பில்லை.

மறுநாள் அவள் ஊசியம்மாவிடம் போனாள். முன்னறையில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஊசியம்மா தன் விரலையே குத்தித் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற யாரும் தரமாட்டேங்கறாங்க. நுண்ணோக்கி துருப்பிடிச்சிடுமேன்னு என்னையே பாத்துக்கறேன். உங்களுக்கு என்னம்மா?”

“ஈயார் எனக்குப் புழுன்னு சொல்லிட்டாரு டாக்டர்.”

“அடடா, பெரிய டாக்டர் சொன்னப்புறம் சின்ன டாக்டர்கிட்ட எதுக்கு?” என்றாலும் ஊசியம்மா விரலைப் பிடித்துக் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டு, மருந்துத் துளி சேர்த்து, ஆட்டிப் பார்த்தார். “புழு இருந்தா இது தயிர் திரிஞ்ச மாதிரி திரளும். திரளல. ஆனா இந்த அட்டைய மட்டும் நம்பறதில்ல.” மெல்லிய குழாயில் ரத்தம் எடுத்துச் சுழற்றினார். சிவப்பு முடிகிற விளிம்பை நுண்ணோக்கியில் வெகுநேரம் தேடினார். “ஒண்ணும் ஓடல. இன்னைக்கு இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவ வாங்க, பாப்போம்.”

“ஏன், சந்தேகமா?”

“எனக்கு எப்பவும் சந்தேகம்தான். அது இருக்கறதாலதான் இதுக்குப் பேரு பரிசோதனை. சந்தேகமே வராதது உங்க ஈயாருக்கு மட்டும்தான்.”

தவிட்டக்கா இடுப்புப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மேசையிலிருந்த ஊசியெல்லாம் அணிவகுத்து வந்து அதில் ஒட்டின. ஊசியம்மா காந்தத்தைப் பார்த்தார். தவிட்டக்காவைப் பார்த்தார்.

“நான் போய்ச் சொன்னா, பொறாமைல பேசறேன்னு சொல்வாங்க,” என்றார் கடைசியில்.

“யாரும் சொல்லவேணாம். ஈயாரே சொல்லட்டும்.”

அடுத்த கூட்டத்துக்குக் கூடம் பிதுங்கியது. ஆவேசமாக நோய் காட்டப்பட்ட பெண்ணுக்குப் பரிகாரம் என்று தண்டோரா போடாத குறை. காவல்காரர் ஒருவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவர் கையிலும் நீல ஈ. நாத்தனாரைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, தவிட்டக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள். உள்ளங்கைக்குள் காந்தம்.

“கைய வைம்மா.”

“வைக்கறேங்க ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நோய் எனக்கா, இல்ல நான் அன்னைக்கு நின்ன இடத்துக்கா? ஈயார்கிட்டயே கேட்டுடட்டுமா?”

“கேளு, கேளு,” என்றது கூட்டம். ஐயா மறுக்க வாய் திறப்பதற்குள் அவள் கையைக் குப்பியின் மேல், பக்கத்து நாற்காலி இருந்த பக்கமாக வைத்தாள்.

“ஈயாரே, இந்த நாற்காலிக்குப் புழு இருக்கா?”

டிக். ஈயார் நாற்காலிப் பக்கம் தாவினார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த முடிதிருத்துகிறவர் சூடு பட்டதுபோல எழுந்தார். “அதான் காலையிலேர்ந்து ஒரு மாதிரி ஆடுச்சு!”

“பாவம், மரமா இருந்தப்பவே கடிச்சிருக்கும்,” என்றாள் ஒரு கிழவி.

வாசலில் நின்ற தரகர் பழக்கதோஷத்தில் கயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “கவலப்படாதீங்க. அந்த நாற்காலிய நான் வாங்கிக்கறேன். நஷ்டம் எனக்கு.”

குப்பி ஐயா தரகரைப் பார்த்த பார்வையில் நாற்காலியே பற்றியிருக்கும்.

“காணிக்கைப் பெட்டிக்கு இருக்கா ஈயாரே?” டிக். “அடேங்கப்பா, பெட்டிக்கு முத்திப்போச்சு போலிருக்கு. இந்தக் குடைக்கு?” டிக். “காவல்கார அண்ணன் தொப்பிக்கு?” டிக். காவல்காரர் தொப்பியைக் கழற்றித் தூரப் பிடித்துக்கொண்டார். “கடைசியா ஒண்ணு. நம்ம ஐயாவுக்கு?” அவள் கையை எட்டி ஐயாவின் தொப்பைக்கு நேராகக் குப்பியில் வைத்தாள்.

ஈயார் குப்பியைக் குறுக்காகக் கடந்து, ஐயாவின் பக்கத்துக் கண்ணாடியில் போய் அறைந்துகொண்டார்.

“ஐயாவுக்கே புழு!” என்று பால்காரர் தலையில் கைவைத்தார். “ஐயா போயிட்டா நமக்கு யாரு கதி?”

சிரிக்கவேண்டிய இடம். கூட்டத்தில் பாதி அழுதது.

தவிட்டக்காவுக்குப் பொறுமை அறுந்தது. கையை விரித்துக் காட்டினாள். “கண்ணத் தொறந்து பாருங்கய்யா! இது தவிட்டுல ஆணி எடுக்கற காந்தம். எங்க கடைக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். பால்காரரே, இந்தாங்க பிடிங்க. குப்பிகிட்ட கொண்டுபோங்க. நீங்க எந்தப் பக்கம் சொல்றீங்களோ ஈயார் அந்தப் பக்கம் வருவாரு.”

பால்காரர் காந்தத்தைக் குப்பியருகே கொண்டுபோனார். ஈயார் வந்தார். மேலே தூக்கினார். ஈயார் ஏறினார். வட்டம் போட்டார். ஈயாரும் வட்டம் போட்டார். பால்காரரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. சிவப்புப் பசு அவர் நினைவில் நடந்துபோயிருக்கவேண்டும்.

குப்பி ஐயா எழுந்தார். இப்படிப்பட்ட ஆட்கள் அவ்வளவு எளிதில் விழமாட்டார்கள். “அறியாத ஜனங்களே! ஊர் ரத்தத்தையெல்லாம் சோதிச்சுச் சோதிச்சு ஈயார் உடம்புல இரும்புச்சத்து ஏறிப்போச்சு. அதான் காந்தத்துக்கு இழுபடறாரு. இது கூடத் தெரியாதா?”

ஒரு கணம் கூட்டம் தலையாட்டவே ஆரம்பித்துவிட்டது. நியாயமாகத்தான் பட்டது.

“அப்ப வலையப் பிரிப்போம். இரும்புச்சத்து ஏறினவரு பறந்து காட்டட்டும்,” என்றாள் தவிட்டக்கா.

பால்காரர் காத்திருக்கவில்லை. வலையைப் பிய்த்தார். திறந்த குப்பியிலிருந்து ஈயார் பறந்து போவார் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஈயார் பறக்கவில்லை. பால்காரர் காந்தத்தைக் குப்பியின் வாயருகே காட்ட, பொத்தென்று வந்து ஒட்டிக்கொண்டார். தவிட்டக்கா நகத்தால் கிள்ளினாள். கறுப்பு மெழுகு. அதற்குள் ஒடிந்த தையலூசியின் முனை. என்றோ செத்த ஓர் ஈயின் சிறகுகள். அடுத்து காந்தம் ஐயாவின் கையருகே போனது. மோதிரம் ஐயாவையும் இழுத்துக்கொண்டு வந்து ஒட்டியது.

“நான் அப்பவே சொன்னேன் அத்தான்,” என்று வாசலில் தரகர் அலறினார். “பஸ் ஸ்டாண்டுல காந்தம் வெச்ச, ஒண்ண ஒண்ணு துரத்தற நாய் பொம்மை வித்தோமே, அதுவே நல்ல தொழிலுன்னு சொன்னேன்ல!”

அதற்குப் பிறகு தரகரின் கயிறு தரகருக்கே பயன்பட்டது. கட்டியவர் பால்காரர்.

“நான் என்ன தப்பு பண்ணேன்? நானா சொன்னேன்? ஈதானே சொல்லுச்சு? வேணும்னா அதப் பிடிங்க!” என்று குப்பி ஐயா காவல்காரரிடம் வாதாடினார். காவல்காரர் மெழுகு உருண்டையையும் சாட்சியாக எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். மடிப்பதற்கு முன், பழக்கதோஷம், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்தக் களேபரம் எதிலும் சேராமல் ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் விழித்துத்தான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். முந்தானையை எச்சிலில் நனைத்து, முன்கையிலிருந்த நீல ஈயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து தடித்திருந்தது.

“விடு, புண்ணாகிடும். இப்பவாவது வரியா?”

“நீங்க ஜெயிச்சிட்டீங்க அண்ணி.”

“எனக்கு என்னடி இதுல ஜெயம்?”

நாத்தனார் நிமிரவில்லை. “ஈயார் நிஜம்னா அண்ணன் விதியில போச்சு. ஈயார் பொய்னா?” தேய்த்துக்கொண்டே இருந்தாள். “அண்ணன் வரமாட்டேன்னுதான் சொல்லுச்சு. ஊசியம்மாகிட்டயே போறேன்னு சொல்லுச்சு. முதுகுல குத்துவாங்கன்னு பயமுறுத்தி, கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது நான். ஈயார் பொய்னா கொன்னது நான்தானே? எப்படி அண்ணி நான் அத பொய்னு நினைக்கறது?”

இத்தனை நாளும் அந்தப் பெண் முட்டாள்தனத்தால் குப்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றுதான் தவிட்டக்கா நினைத்திருந்தாள். கீழே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“கூட்டிட்டு வந்தது நீ. பொய் சொன்னது அவன். ரெண்டையும் ஒண்ணா கலக்காத.”

“நான் கூட்டிட்டு வராம இருந்திருந்தா?”

“வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தியா? வைத்தியம்னு நினைச்சுத்தானே கூட்டிட்டு வந்த? உங்க அண்ணனும் தூக்கத்துல நடந்து வரல, உன்ன நம்பி வந்தாரு. அவர் இருந்திருந்தா இப்ப உன்ன என்ன பண்ணியிருப்பாரு?”

நாத்தனார் முந்தானையைக் கீழே விட்டாள். “மண்டையில ஒண்ணு போட்டிருக்கும்.”

“போட்டுட்டு?”

“தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“உன்னத் தூக்கற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல. எழுந்திரு.”

எழுந்தாள்.

அட்டையில் ரத்தம் தயிர்போலத் திரிந்தது. கழுத்து முடிச்சில் ஊசி போட்டு எடுத்த துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்த ஊசியம்மா, நாற்காலியை விட்டு எழுந்து, “நீயே பாரு,” என்றார். நாத்தனார் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். உருண்டை உருண்டையான அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, மெல்லிய நாடா ஒன்று நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது. யாரும் பக்கத்தில் கை வைக்கவில்லை. அது தன்பாட்டுக்குப் போயிற்று.

“இதுவா? இத்துனூண்டா?”

“இத்துனூண்டுதான்.”

“இது அண்ணனுக்குள்ளயும் இருந்திருக்கும்ல?”

நாத்தனார் தானாகவே திரும்பி உட்கார்ந்து, முதுகைக் காட்டிக் குனிந்தாள். ஊசி இறங்கியபோது தவிட்டக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அவ்வளவுதான். இத்தனை உயிரைக் குடித்த பயத்தின் மொத்த உயரம் அவ்வளவுதான்.

ஊசியம்மா வெகுநேரம் பார்த்தார். ஒரு முறை பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். “மூளைக்குப் போகலன்னு சத்தியம் பண்ணச் சொல்றீங்களா? மாட்டேன். வாசல்ல ஒரு அடி எடுத்து வெச்சிருக்கு, அதான் இந்தத் தூக்கம். உள்ள போய் இன்னும் குடியேறல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எனக்கு வேலை இருந்திருக்காது. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். முடிஞ்சப்புறமும் வந்து வந்து காட்டணும்.”

தவிட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கணவனுக்காக அழ மிச்சமிருந்த அழுகை, அப்போதுதான், தப்பான ஆளுக்காக வந்ததுபோல வந்தது.

ஊர் திருந்திவிட்டதா என்று கேட்பீர்கள். மறுநாள் காலையில் தீவனக் கடை வாசலில் வரிசை நின்றது. முன்னால் நின்ற முடிதிருத்துகிறவர் தலையைக் குனிந்து, “தவிட்டக்கா, அந்தக் காந்தத்த ஒரே ஒரு தடவ என் தலையில வெச்சு எடுங்க. சக்தி உள்ள காந்தம்னு பேசிக்கறாங்க,” என்றார்.

“வெக்கறேன். உள்ள ஆணி இருந்தா வரும். வேற ஒண்ணும் இருந்து வரும்னு எனக்குத் தோணல,” என்றாள் தவிட்டக்கா.

அந்த வரிசையை அப்படியே ஓட்டிக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் விட்டாள். மாடுகள் பின்முற்றத்துக்குப் போயின. சந்தையிலிருந்து மீட்டுவந்த சிவப்புப் பசு முதலில் காதைக் காட்டியது. மனிதர்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். நடுவில் காவல்காரர் குப்பி ஐயாவை அழைத்துவந்தார்.

“இவருக்கும் பாக்கணுமாம் டாக்டர். ஒரு வாரமா பகல்ல தூக்கம் தூக்கமா வருதாம். ஈயாரக் கேளுங்கன்னு சொன்னேன், அழறாரு.”

ஊசியம்மா அவர் விரலையும் பிடித்துக் குத்தினார். மற்றவர்களுக்குக் குத்திய அதே அழுத்தத்தில்.

முடிதிருத்துகிறவரின் முறை வந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நுண்ணோக்கிக்கு முன் பயபக்தியோடு கைகூப்பித் தலை தாழ்த்தினார்.

“அம்மா, இந்தக் கண்ணாடியார ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுக்கட்டுமா?”

“கும்பிடாதீங்க,” என்றாள் பெஞ்சில் மாத்திரையோடு விழித்து உட்கார்ந்திருந்த நாத்தனார். “குனிஞ்சு பாருங்க.”

இரண்டுக்கும் தலை குனியத்தான் வேண்டும். ஒன்றுக்குக் கண்ணை மூடவேண்டும், மற்றதற்குத் திறக்கவேண்டும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தில்தான் அந்த ஊரில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், சிலர் இல்லை.